பாதி உடம்பு

நயா பைசா வந்த வருஷம் அது. ஓரணாவுக்கு ஆறா, ஆறேகாலா என்று தென்காசிக் கடைத்தெருவே தொண்டை கட்டிக் கிடந்தபோது, நான் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் ஓலைக் கொட்டகை போட்டு நல்லெண்ணெய் விற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கால் பைசா எப்போதும் என் பக்கம்தான் விழுந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரம் எங்கள் ரத்தத்தில் ஊறியது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கே என் தகப்பனார் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். புகழ்ந்தால் அந்தப் பக்கம் கை ஓங்கிவிடுமாம்.

அப்படி வளர்ந்தவன் எதையும் கண்டு வாய் பிளப்பதில்லை. அந்த வருஷம் ஆனியில் பிளந்தேன்.

என் கடையிலிருந்து பார்த்தால் எண்ணெய் தேய்க்கிற பாறை முழுக்கத் தெரியும். இருபது பேர் அங்கே வேலை செய்தார்கள். ஆளுக்கு ஒரு கல், ஒரு பலகை. பலகையில் தேய்க்கிறவர் உட்காருவார், கல்லில் வந்தவர் படுப்பார். இடது காலில் தொடங்கி இடது தோள் வரைக்கும் போய், பிறகு வலது காலுக்கு இறங்கி வலது தோள் வரைக்கும் ஏறி, கடைசியில் கழுத்தும் தலையும். இந்த ஒழுங்கை யாரும் மாற்றியதில்லை. அதைவிடக் கறாராக இன்னொன்று இருந்தது. தொட்ட உடம்பைப் பாதியில் விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அந்தச் சாரல் பருவம் முடியும்வரை அந்த ஆள் பாறைப் பக்கம் வரக்கூடாது. அவர் விட்ட பாதியை வேறொருவர் கை தொடவும் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நானும் பன்னிரண்டு வருஷமாகக் கடை போடுகிறேன், ஒருத்தர் மீறிப் பார்த்ததில்லை.

அவர்களில் பிச்சைமணி என்று ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இலஞ்சிக்காரர். பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவார் போலிருக்கும். ஆனால் கையை எண்ணெயில் நனைத்துவிட்டால் அது அவருடைய கையே இல்லை. ஜட்கா வண்டியிலிருந்து இறக்கித் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் தன் காலில் நடந்து போனதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆனி பத்தாம் தேதி, சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்த காலை. புளியறைச் சாவடி வழியாகத் மரத்தடி ஏற்றிவரும் லாரி டிரைவர் மசூது, கல்லில் குப்புறப் படுத்திருந்தார். பிச்சைமணி இடது பக்கத்தை முடித்து வலது பாதத்தைத் தொட்டிருந்தார். அப்போது குடையைப் பிடித்துக்கொண்டு வல்லிநாயகம் வந்தார். லாட்ஜ் முதலாளி. வயல், தோப்பு, கோயில் மரியாதை எல்லாம் நாலு தலைமுறையாக உள்ள குடும்பம். பாறையிலிருக்கும் இருபது பேருக்கும் பாதிக் கஞ்சி அவர் லாட்ஜுக்கு வருகிற ஆட்களால்தான்.

"ஏலே பிச்சைமணி, மதுரையிலிருந்து வக்கீல் வந்திருக்காரு. எந்திரிச்சு வா."

"இந்தா ஆச்சு மொதலாளி. உடம்பு பாதியில கெடக்கு. முடிச்சிட்டு வாரேன்."

"லாரிக்காரன் உடம்புக்கு என்னலே அவசரம்? அது அங்கனதான் கெடக்கும்."

மசூது முகத்தைக் கல்லிலிருந்து எடுக்காமலேயே சொன்னார். "மொதலாளி, கெடக்கது நான்தான். எனக்குக் காதும் கேக்கும்."

"நீ சும்மா கெட வே." வல்லிநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ எந்திரிக்கியா இல்லையாலே?"

"பாதி உடம்புல கை எடுக்கப்பிடாது மொதலாளி. ஒங்களுக்குத் தெரியாததா?"

அறை விழுந்தது. குடை கைமாறியதையோ கை ஓங்கியதையோ நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். அருவி விழுகிற இரைச்சலையும் மீறிக் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாறையில் இருபது பேர் கையும் நின்றது. இல்லை, பத்தொன்பது பேர் கை. பிச்சைமணியின் கை மசூதின் கெண்டைக்காலில் ஏறிக்கொண்டே இருந்தது.

பிற்பாடு மசூது என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, சத்தம் கேட்டுச்சு. வேற யாருக்கோ விழுந்திருக்குன்னு நெனைச்சேன். என் மேல இருந்த கையி ஒரு நூலு பிசகல. அந்தக் கையிக்குச் சொந்தக்காரனுக்குத்தான் அடின்னு கண்ணைத் திறந்து பார்த்த பொறவுதான் தெரிஞ்சுது."

அறை விழுந்த நேரம் என் கடையில் சீயக்காய்ப் பொடி வாங்கிக்கொண்டு நின்றவர் தாணுமாலயன். திருச்சியில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார், சொந்த ஊர் நாகர்கோவில், வருஷா வருஷம் ஒரு மாதம் இங்கே வந்து ஐந்தருவிக்கும் பேரருவிக்குமாக நனைந்துகொண்டிருப்பார். அறையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "ஹி வில் கெட் பேக் அட் ஹிம்" என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சரக்குச் சீட்டு படிக்கிற அளவுக்கு. "சார், கெட்டுன்னா வாங்குறது, பேக்குன்னா திரும்ப. ரிட்டர்ன் சரக்கா?" என்று கேட்டேன்.

"அடியும் ஒரு சரக்குதான் ஓய்" என்று சிரித்தார். "கெட், பேக், அட் மூணும் தனித்தனியா சாதுப் பிள்ளைங்க. ஒண்ணா சேர்ந்தா கல்லெறியும். ஒருத்தன் நமக்கு ஒண்ணு செஞ்சான். அதுக்குப் பதிலா அவனுக்கு நாம ஒண்ணு செய்யறது."

"பழிவாங்குறதுன்னு சொல்லுங்க."

"பழின்னா அரிவாள், கோர்ட்டு, பேரன் காலம் வரைக்கும் போகும். இது அவ்வளவு பெரிசு கிடையாது. தம்பி அண்ணனுக்குச் செய்யறது, பெண்டாட்டி புருஷனுக்குச் செய்யறது, ஆபீஸ் கிளார்க்கு மேனேஜருக்குச் செய்யறது. பெரும்பாலும் கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுக்கு. கடைசியில அட்டுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குப் பின்னால ஆள் பேர் வந்தே ஆகணும். மேல்விலாசம் இல்லாம இது போய்ச் சேராது."

எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. புதிய சொல் கிடைத்தால் உபயோகித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. கலப்பட எண்ணெய் அனுப்பிய ஆலப்புழை வியாபாரிக்கு அன்றைக்கே தபால் அட்டையில் எழுதிப் போட்டேன், அவர் பேரையும் மறக்காமல் போட்டு, கெட் பேக் அட் செய்வேன் என்று. நான் திரும்பி வருவதாகப் புரிந்துகொண்டு, என் வருகையை ஆவலுடன் எதிர்பார்ப்பதாகவும் தங்குவதற்கு இடம் ஏற்பாடு செய்வதாகவும் பதில் வந்தது.

அது போகட்டும். பிச்சைமணி என்ன செய்வார் என்பதுதான் அருவிக்கரை முழுக்கப் பேச்சு. ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் வந்தார், பலகையைப் போட்டார், வருகிறவர்களுக்குத் தேய்த்தார். பத்து நாள் போயிற்று. வீட்டில் ஏழு பேர். இரண்டரை மாதச் சாரல் வருமானம்தான் தைமாசம் வரைக்கும் இழுக்க வேண்டும். லாட்ஜ் முதலாளியிடம் வம்பு வைத்துக்கொண்டால் அதற்கும் ஆபத்து. வாங்கியதை முழுங்கிக்கொண்டார் என்று நான் நினைத்தேன். எங்கள் வியாபாரத்தில் தினமும் நடக்கிறதுதானே.

பதினொன்றாம் நாள் வல்லிநாயகத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குளியலறை வாளியைத் தூக்கியதுதான், குனிந்தவர் நிமிரவில்லை. தென்காசி டாக்டர் எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். லாட்ஜ் வாசலில் முதலாளி வளைந்து நிற்பதைப் பார்த்து, கும்பிடுகிறார் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். பாறையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் கை வைக்கவில்லை. "எட்டு வருஷமா பிச்சைமணி கையி பழகின முதுகு மொதலாளி. நாங்க தொட்டா எங்கனயாச்சும் பிசகிரும்" என்று ஒரே பதில்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆவுடைநாயகம், நீரு பேரத்துல புலி. அவன்கிட்ட என்ன வேணும்னு கேளும்."

"மன்னிப்புக் கேக்கலாமே?"

"நானா?" வளைந்த நிலையிலேயே முறைத்தார். அந்த நிலையில் அவர் முறைத்தது என் முழங்காலைத்தான்.

பிச்சைமணியைப் பாறைக்குப் பின்னால் உட்காரவைத்து ஆரம்பித்தேன். வேட்டி, சட்டை, பெண்சாதிக்குப் புடவை என்றேன். இனிமேல் லாட்ஜுக்கு வருகிற ஆட்களில் முதல் ஆள் எப்போதும் உமக்குத்தான் என்றேன். அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கக் கூச்சப்படுகிறாரோ என்று, எங்கள் சந்தை வழக்கப்படி துண்டை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட்டேன். மாட்டுச் சந்தையிலும் மிளகுச் சந்தையிலும் விலை பேசுவது அப்படித்தான். வாயால் பேசினால் நாலு பேர் காதில் விழும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் எண்ணிக்கை. ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு. ஆயிரம் கையைப் பிடித்திருக்கிறேன். பேராசை, பயம், பசி எல்லாம் விரல் நுனியில் தெரிந்துவிடும்.

பிச்சைமணி என் விரல் எதையும் பிடிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து என் கைக்குக் கீழே வைத்தார். அவ்வளவுதான். அது தாமரையிலை மாதிரி அகலமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அதில் பயம் இல்லை, விலை கேட்பதும் இல்லை. விரித்த கை எங்கள் கணக்கில் எந்த எண்ணும் இல்லை. என் தகப்பனாரிடம் படித்த பாடத்தில் அப்படி ஒரு கை வரவே இல்லை. எவ்வளவு நேரம் வைத்திருந்தேனோ தெரியாது, துண்டை எடுக்க எனக்குத்தான் வெட்கமாயிருந்தது.

"சனிக்கிழமை வரச்சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். "அந்தக் கல்லுக்கு. வரிசையில வரணும்."

சனிக்கிழமை காலையில் குற்றாலத்தில் அருவியைப் பார்க்க ஆளில்லை. எல்லோரும் பாறையைப் பார்த்து நின்றார்கள். என் கடை வாசலில் பந்தயம் நடந்தது. கழுத்தைச் சொடக்கெடுக்கும்போது ஒரு திருகு கூடப் போடுவார் என்று நான் சொன்னேன். தோள்பட்டையில் நாலு தட்டு தட்டுவார்களே, அதில் ஒன்றைக் கன்னத்தில் வைப்பார் என்று தாணுமாலயன் சொன்னார். மசூது லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்து, "ஒண்ணும் செய்ய மாட்டாரு. அந்தக் கையிக்கு அது தெரியாது" என்றார். ஆக மொத்தம் எல்லோருடைய கண்ணும் கடைசிக் கட்டத்தில்தான், கழுத்தில்தான்.

வல்லிநாயகம் இரண்டு பேர் தோளைப் பிடித்து வந்தார். ராயகிரியில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முதலாளி கல்லில் குப்புறப் படுக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை எடை போட்டால் ஒரு மூட்டை தேறும்.

பிச்சைமணி இடது பாதத்தைத் தொட்டார்.

அதைப்போல ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. விரல் ஒவ்வொன்றாக நீவினார். குதிகாலில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார், முதலாளியின் பிடறி வரைக்கும் தளர்ந்தது எங்களுக்குத் தெரிந்தது. கெண்டைக்கால், தொடை, இடுப்பு. இடுப்பில் கை நின்றது. கூட்டம் மூச்சை அடக்கியது. முழங்கையை ஊன்றி ஒரு அழுத்து. முறிகிறது மாதிரி ஒரு சத்தம். "ஆத்தீ!" என்று முதலாளி அலறினார், அடுத்த நொடியே அந்த அலறல் "ஆஹா" என்று மாறியது. இடது முதுகு குழைந்து கல்லோடு படிந்துவிட்டது. கை தோளுக்கு ஏறியது. கண்ணை மூடிக்கொண்டார். வாய் ஓரத்தில் எச்சில்கூட வழிந்தது. நாள் கணக்காகத் தூங்காத மனிதர் அத்தனை பேர் முன்னால், தான் அறைந்த ஆளின் கைக்குள், குழந்தை மாதிரிக் குறட்டை விட்டார்.

அத்தோடு இடது பக்கம் முடிந்தது.

பிச்சைமணி எழுந்து நின்றார்.

வலது பாதத்துக்கு நகரத்தான் எழுந்தார் என்று நினைத்தோம். அவர் வாய்க்காலுக்குப் போய்க் கையைக் கழுவினார். பாறையில் இருந்த பத்தொன்பது பேருக்கும் எங்களுக்கு முன்னால் புரிந்துவிட்டது. "ஏ, பிச்சைமணி!" என்று அவர்களில் மூத்தவர் மந்திரமூர்த்தி கூவினார். "வேண்டாம்லே! சாரல் முழுக்கப் போயிரும்லே!"

சத்தத்தில் முதலாளி விழித்தார். "என்னலே? வலது பக்கம்?"

"எந்திரிக்கச் சொன்னீயளே மொதலாளி. எந்திரிச்சிட்டேன்."

"நான் எப்பம்லே சொன்னேன்?"

"ஆனி பத்தாந் தேதி."

குரலில் கோபம் இல்லை. தேதி கேட்டவருக்குத் தேதி சொல்கிற மாதிரிதான் சொன்னார். தன் பலகையைக் கவிழ்த்துப் போட்டார். புட்டியில் மிச்சமிருந்த எண்ணெயை மந்திரமூர்த்தியிடம் கொடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் கடையைத் தாண்டி இலஞ்சிப் பாதையில் நடந்தார். ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சட்டம் தெரிந்தவர், தானே போனார்.

ராயகிரிச் சம்சாரி மட்டும் கிண்ணத்தைப் பிடித்தபடி, "அப்பம் எனக்கு யாரு தேய்ப்பா?" என்று கேட்டார்.

நான் கல்லாவில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், கூட்டாமல் இருக்க முடியாதே. விழுந்த அறை ஒரு நொடி. அதற்கு அவர் கொடுத்தது மிச்சமிருந்த சாரல் முழுவதும், ஏழு பேர் சாப்பாடு, முப்பது வருஷமாக ஒரு உடம்பையும் பாதியில் விடாத பேர். இப்படி ஒரு கொள்முதலை எந்தச் சந்தையிலும் நான் பார்க்கவில்லை. தோற்றவர் யார் என்று என் மூளைக்குப் பிடிபடவில்லை. ஆனால் என் கை இரண்டும் தானாகக் குவிந்திருந்ததைப் பக்கத்தில் நின்ற மசூதுதான் சுட்டிக்காட்டினார்.

"சார், இதுதானா அது?" என்று தாணுமாலயனைக் கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். "இருபது வருஷமா இதைப் பாடம் நடத்தறேன் ஓய். அண்ணன் அடிச்சான், தம்பி அண்ணனோட பேனாவை ஒளிச்சுவச்சான், இதுதான் நான் சொல்ற உதாரணம்."

வல்லிநாயகம் எழுந்து நின்றபோது இடது பக்கம் இருபது வயது, வலது பக்கம் எண்பது வயது. ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தொங்கியது. மந்திரமூர்த்தியை மிரட்டினார், கெஞ்சினார். இன்னொருவர் விட்ட பாதியைத் தொட மாட்டோம் என்றார்கள். லாட்ஜ் ஆட்களைப் பாறைக்கு அனுப்ப மாட்டேன் என்று சபதம் போட்டார். லாட்ஜில் தங்கியவர்களோ கதை கேட்டு, கவிழ்ந்த பலகையைப் பார்ப்பதற்கென்றே கூட்டமாக வந்தார்கள். அந்த வருஷம் எனக்கு எண்ணெய் இருமடங்கு போயிற்று. சொல்லக் கூச்சமாயிருந்தாலும் உண்மை அதுதான்.

ஆவணியில் ஒரு படி அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு இலஞ்சிக்குப் போனேன். பிச்சைமணி கூலிக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையில் மண்வெட்டிக் காய்ப்பு. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அரிசியை வாங்க மறுத்துவிட்டார். நான் பேரம் பேசவில்லை, அவரிடம் இனிப் பேச முடியாது என்று தெரிந்திருந்தது. அப்போது அந்தப் பக்கத்து வரப்பில், ஒரு தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு வல்லிநாயகமே வந்து நின்றார்.

"என்னலே வேணும் ஒனக்கு?"

"ஒண்ணும் வேண்டாம் மொதலாளி."

"மீதியைத் தேய்ச்சிரு. என் வீட்டுல வச்சு. ஒருத்தருக்கும் தெரியாண்டாம்."

"கல்லுலதான் தேய்ப்பேன். ஆனி பொறக்கட்டும்."

"பத்து மாசம்லே! படுத்தாத் தூக்கம் வர மாட்டக்கு. பாதி ஒறங்குது, பாதி முழிச்சிக் கெடக்கு."

பிச்சைமணி மண்வெட்டியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். முதலாளி என்னைப் பார்க்காமல், சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதை எடுக்கக் குனிய முடியாமல், அப்படியே விட்டுவிட்டு நடந்து போனார். செருப்பைப் பிச்சைமணிதான் எடுத்துக் கழுவி வரப்பில் வைத்தார்.

மறு வருஷம் சாரல் முந்திக்கொண்டது. வைகாசிக் கடைசியிலேயே மலை கறுத்து, ஆனி முதல் தேதி விடியும்போது பேரருவி இரண்டு கையையும் விரித்து விழுந்தது. நான் கடைக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பிச்சைமணி வந்து பலகையை நிமிர்த்தி, தண்ணீர் விட்டுக் கழுவி, உட்கார்ந்தார். பத்தொன்பது பேரும் அவரவர் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு எண்ணெயை அவர் கல்லில் விட்டார்கள்.

வரிசையில் முதலில் ஒரு மாட்டுவண்டிக்காரர். அடுத்தவர் செங்கோட்டையிலிருந்து வந்த மூட்டை தூக்குகிறவர். மூன்றாவதாக, வெறும் உடம்போடு, ஒரு தோளைத் தொங்கப்போட்டு, கையில் என்னிடம் வாங்கிய எண்ணெயோடு வல்லிநாயகம் நின்றார். குடை இல்லை. கூட வந்த ஆள் "மொதலாளி, முன்னால போங்க" என்று சொல்ல வாயெடுத்தார், அவர் கையமர்த்தினார்.

பிச்சைமணி வண்டிக்காரரை முழுசாக முடித்தார். மூட்டைக்காரரையும் முழுசாக முடித்தார். ஒன்றரை மணி நேரம். சாரலில் முதலாளியின் உதடு நீலமாகிவிட்டது. அவர் நகரவில்லை.

"அடுத்தது யாரு?" என்றார் பிச்சைமணி, தலை நிமிராமல்.

வல்லிநாயகம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கல்லில் வைத்தார். "நான்தான்" என்று சொல்லி, "வலது பக்கம்" என்றார்.